முதலில் இலை, அப்புறம் சுவர்

நான் சேலத்தில் ஃப்ளெக்ஸ் டிசைன் செய்யும் வேலையில் இருக்கிறேன். காதுகுத்து, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி எல்லாமே என் திரையில் ஓரடி அகலத்தில் முடிந்துவிடும். பக்கத்து அறையில் இயந்திரம் அதை இருபது அடிக்கு அடித்துத் தள்ளும். நாள் முழுக்கப் பெரிய பெரிய படமாகச் செய்கிறேன், ஆனால் பெரிதாக ஒரு கோடுகூட என் கையால் போட்டதில்லை. அந்த வயிற்றெரிச்சல்தான் என்னைத் தெரு ஓவியத்தின் பக்கம் தள்ளியது.

ஆரம்பிக்கிறவர்கள் எல்லோருக்கும் நேராகச் சுவரில் கை வைக்கத்தான் ஆசை. என்னைக் கேட்டால், கொஞ்ச நாள் ஏற்காட்டுக்குப் போய் இலையும் கல்லும் வைத்துப் பழகிவிட்டு வாருங்கள் என்பேன். சுவரில் போட்ட படம் அடுத்தவர் வீட்டு வாசலில் வருஷக்கணக்கில் நிற்கும். பிடிக்கிறதோ இல்லையோ, எதிர் வீட்டுக்காரர் அதைப் பார்த்துக்கொண்டுதான் பல் விளக்க வேண்டும். மலையில் வைத்த இலை சாயங்காலம் பறந்துவிடும். கை பழகுவதற்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. செலவு பஸ் டிக்கெட்டும் டீயும்தான்.

இப்படி நிலத்தில், மண்ணும் கல்லும் இலையுமாகவே செய்கிற கலைக்கு லேண்ட் ஆர்ட் என்று பெயர். அதைச் சொன்னதும் புத்தகங்களில் முதலில் காட்டுவது ராபர்ட் ஸ்மித்சன் 1970-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து உப்பு ஏரிக்குள் சுருட்டிய 'ஸ்பைரல் ஜெட்டி'. கருங்கல்லும் சேறுமாக 1,500 அடி நீளம், 15 அடி அகலம். லாரியும் லோடரும் வைத்து 6,000 டன்னுக்கு மேல் கொட்டியிருக்கிறார்கள். சில வருஷத்திலேயே ஏரி ஏறி அதை விழுங்கிவிட்டது. ஏறக்குறைய 30 வருஷம் பெரும்பாலும் தண்ணீருக்குள் கிடந்து, 2002 வாக்கில் வறட்சியில் வெளியே வந்தபோது கருப்புக் கல் மேல் வெள்ளை உப்பு பூத்திருந்தது. அதைப் பார்க்க ஸ்மித்சன் இல்லை. 1973-லேயே விமான விபத்தில் இறந்துவிட்டார். பிரமாதமான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் மாதச் சம்பளத்தில் ஓடுகிற எனக்கு அது ஒத்துவராது.

எனக்குப் பிடித்தவர் இங்கிலாந்துக் கலைஞர் ரிச்சர்டு லாங். 1967-ல், லண்டனில் மாணவராக இருந்தபோது, ஒரு புல்வெளியில் ஒரே நேர்க்கோட்டில் போய்த் திரும்பி, போய்த் திரும்பி நடந்தார். புல் படிந்து ஒரு கோடு விழுந்தது. அதைப் படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார், அவ்வளவுதான் வேலை. நம் ஊரில் இதை ஒற்றையடிப் பாதை என்று சொல்லிவிட்டுக் கடந்துவிடுவோம். நீங்களே ஒருமுறை பனி விழுந்த புல்லில் நடந்து பாருங்கள். நின்ற இடத்திலிருந்து பார்த்தால் கோடு வெளுப்பாகத் தெரியும். எதிர்ப்பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தால் அதே கோடு இருட்டாகத் தெரியும். புல் எந்தப் பக்கம் சாய்ந்ததோ அதைப் பொறுத்து வெளிச்சம் மாறுகிறது. ஒரு படத்தை எங்கிருந்து பார்ப்பார்கள் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும் என்று எனக்குப் புரிந்தது அந்தப் புல்லில்தான். கம்ப்யூட்டரில் அந்தக் கேள்வியே வராது, அங்கே எல்லோரும் நேர் எதிரே இருந்துதானே பார்க்கிறார்கள்.

சரி, இலைக்கு வருவோம். ஏற்காட்டில் காபித் தோட்டத்து ஓரங்களில் பலா மரம் நிறைய. பழுத்து விழுந்த பலா இலையை ஒரு கை அள்ளிப் பாருங்கள். ஒரே மரத்து இலைதான். ஒன்று எலுமிச்சை மஞ்சள், ஒன்று நல்ல ஆரஞ்சு, அடுத்தது செங்கல் நிறம், அதற்கும் அடுத்தது வறுத்த காபிக்கொட்டை நிறம். நரம்பு மட்டும் கடைசி வரை மஞ்சளாகவே நிற்கும். முதலில் நிறவாரியாகக் குவித்துக்கொள்ள வேண்டும். இந்தப் பொறுக்கிப் பிரிக்கிற வேலைதான் நேரத்தை விழுங்கும். மஞ்சளில் மட்டும் எட்டு வகை வரும்போது, நான் கம்ப்யூட்டரில் 'மஞ்சள்' என்று ஒரே ஒரு கட்டத்தை அமுக்கிக்கொண்டிருந்ததை நினைத்துச் சிரிப்பு வரும்.

அடுக்குவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டு, அதற்கு எதிர்க்கோடியில் ஆரம்பிக்க வேண்டும். காற்று வரும் திசையை நோக்கி ஒவ்வோர் இலையாக, ஓடு வேய்வது போல, முந்தைய இலையின் ஓரத்தை மூடிக்கொண்டே வர வேண்டும். அப்போதுதான் காற்று இலைக்கு அடியில் நுழையாமல் மேலே வழுக்கிப் போகும். திருப்பி வைத்தால் ஒரு வீச்சில் எல்லாம் போச்சு. வெயில் ஏறினால் இலை ஓரம் சுருள ஆரம்பித்துவிடும். அதனால் பனிமூட்டம் விலகும் முன்பே முடித்துவிடுவது நல்லது. ஈரத்தில் நிறமும் கூடுதலாக இருக்கும். மூட்டத்து வெளிச்சத்தில் நிழல் விழாததால் போட்டோவும் சுத்தமாக வரும். செல்போனை இலைக்கு நேர் மேலே பிடித்து ஒன்று, முட்டி போட்டுத் தரையோடு தரையாக ஒன்று, தள்ளி நின்று சுற்றுப்புறத்தோடு ஒன்று. இந்த மூன்றும் இல்லாவிட்டால் அப்புறம் யாருக்கும் எதையும் காட்ட முடியாது.

இலையோடு இலையை இணைக்க ஈர்க்குச்சி போதும். மந்தாரை இலையைத் தைத்துத் தட்டாக்கும் கையைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம். ஸ்காட்லாந்தில் வாழும் லேண்ட் ஆர்ட் கலைஞர் ஆண்டி கோல்ட்ஸ்வொர்தி இதே வேலையை முள்ளால் குத்திச் செய்கிறார், உலகமே பார்க்கிறது. சில்வர் ஓக் இலை கிடைத்தால் இன்னும் வசதி. காபிக்கு நிழலாக வைத்து, மிளகுக்கொடி ஏற்றியிருப்பார்களே, அதே மரம். இலையின் மேல்பக்கம் பச்சை, அடிப்பக்கம் வெள்ளிப் பூச்சு. ஒன்றை நிமிர்த்தி ஒன்றைப் புரட்டி வைத்தாலே கோலம் வந்துவிடும்.

ஒருமுறை விழுந்து கிடந்த கொய்யாப்பழங்களை வைத்து மஞ்சள் வட்டம் ஒன்று போட்டேன். போட்டோ எடுக்கப் பின்னால் நகர்ந்தேன், குரங்கு முன்னால் வந்தது. வட்டத்தில் பாதிதான் என் கேமராவில் இருக்கிறது. அதை இப்போது முழு வேலையாகவே வைத்துக்கொண்டேன்.

மலையில் அனுமதி விஷயம் கீழே இருப்பதைவிடச் சிக்கல். நிறைய இடம் தனியார் தோட்டம், மீதியில் பெரும்பகுதி வனத்துறையுடையது. காப்புக்காடு என்று போர்டு இருந்தால் உள்ளே போகவே கூடாது. காட்டெருமை நடமாட்டமும் உண்டு, அதனிடம் போய் கலை பேச முடியாது. தோட்டமாக இருந்தால் கேட்டில் இருக்கும் காவல்காரரைப் பார்த்துப் பேசிவிட்டு, அவர் யாரைக் கை காட்டுகிறாரோ அவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். என்னை ஒரு தோட்டத்துப் பெரியவர் இப்படித்தான் பிடித்தார்.

"யாரும்மா நீ? பையில என்ன பொறுக்கி வச்சிருக்க?"

"இலைங்கய்யா."

"காபிக்கொட்டை இல்லையே?"

அறுவடை நேரம், அவர் சந்தேகம் நியாயமானது. பையைக் கவிழ்த்துக் காட்டினேன். இலையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். இதுக்கா சேலத்துல இருந்து வந்த என்றார். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "அந்தச் சிவப்பு பத்தாது கண்ணு, அந்தாண்ட மரத்தடியில நல்லா செவந்தது கெடக்கு" என்று அவரே போய் அள்ளி வந்தார். கேட்டு நின்றால் இடம் மட்டுமா, ஆளும் கிடைக்கிறது.

சில விஷயங்களில் நான் பிடிவாதமாக இருப்பேன். மரத்திலிருந்து இலை பறிப்பதில்லை. பூ வேண்டுமென்றால் உண்ணிச்செடியில் பறிக்கலாம். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம் காட்டையே அடைத்துக்கொண்ட செடி, பறித்தால் புண்ணியம். கலர் கோலப்பொடி மலைக்கு ஆகாது. வெள்ளை வேண்டுமென்றால் அரிசி மாவு, எறும்பாவது தின்னும். ஈரமான இடத்தில் கல்லைப் பெயர்த்தால் அடியில் தவளையோ தேளோ பூரானோ குடியிருக்கும், அதனால் எடுத்த கல்லை எடுத்த இடத்தில், எடுத்த பக்கமாகவே திரும்ப வைக்க வேண்டும். போகிற வருகிறவர்கள் எல்லாம் கல்லை அடுக்கி வைத்து செல்ஃபி எடுப்பது இப்போது பெரிய வழக்கமாகிவிட்டது, எனக்கு அதைக் கண்டாலே ஆவதில்லை. பகோடா பாயிண்டுக்கு அந்தப் பெயர் வந்ததே அங்கே கோபுரம் மாதிரி குவித்த கற்குவியல்களால்தான். மலைவாழ் மக்கள் அடுக்கியவை என்கிறார்கள். நமக்கு முன்பே ஒருவர் செய்துவைத்த வேலை அது, அதன் மேல் நம் கல்லை வைக்கத் தேவையில்லை. பொள்ளாச்சிப் பக்கம் கெடிமேட்டில் கற்களாலேயே தரையில் போட்ட சதுரமான சுற்றுப்பாதை ஒன்று இருக்கிறது, ஊர்க்காரர்கள் ஏழு சுற்றுக்கோட்டை என்பார்கள். லேண்ட் ஆர்ட் 1960-களில் அமெரிக்காவில் பிறந்தது என்று படிக்கும்போது இதையும் சேர்த்து நினைத்துக்கொள்வேன்.

மலையிலிருந்து இறங்கினால் கருப்பூர்ப் பக்கம் வெள்ளை வெளேர் என்று மேடு மேடாகத் தெரியும். மேக்னசைட் சுரங்கம், ஊரில் வெள்ளைக்கல் என்போம். தோண்டி முடித்த சுரங்க நிலத்தைக் கலைஞர்களிடம் கொடுத்துச் சீரமைக்கலாம் என்று ஸ்மித்சன் கம்பெனி கம்பெனியாக எழுதிப் போட்டவர். இந்த மேடுகளைக் கண்டிருந்தால் சேலத்திலேயே தங்கியிருப்பார். நமக்கு உள்ளே போக அனுமதி கிடையாது, ரோட்டில் நின்று பார்ப்பதோடு சரி.

இனிச் சுவர். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959-லேயே சட்டம் வந்துவிட்டது. அரசுச் சுவர், பாலம், மின்கம்பம் பக்கம் போக வேண்டாம். ராத்திரியோடு ராத்திரியாகப் போட்டுவிட்டு ஓடுவது வெளிநாட்டுக் கதைகளில் நன்றாக இருக்கும். இங்கே தனியார் வீட்டுச் சுற்றுச்சுவரைக் கேட்டு வாங்குவதுதான் வழி. ஒரு வெள்ளைத்தாளில் உரிமையாளரிடம் சம்மதம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், படத்தின் சின்ன மாதிரியையும் அதோடு சேர்த்து ஒட்டி. ரோந்து வரும் போலீஸ்காரர் கேட்டால் காட்ட ஒரு காகிதம் இருக்கும், நாளைக்கு "நான் இதைச் சொல்லவில்லையே" என்ற பேச்சும் வராது.

எனக்குக் கிடைத்தது அம்மாபேட்டையில் தறிச் சத்தம் கேட்கும் ஒரு சந்தில், தெரிந்தவர் வீட்டுச் சுவர். உயரம் 10 அடி, நீளம் 20. எங்கள் தொழிலில் முன்பு லெட்டரிங் எழுதி, இப்போது ஃப்ளெக்ஸுக்கு ஃபிரேம் அடிக்கிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவரைக் கூட்டிப் போனேன். நான் படத்தின் மாதிரியை நீட்டினேன், அவர் அதைப் பார்க்காமல் சுவரைத் தட்டிக்கொண்டே நடந்தார். சில இடத்தில் கணீரென்றும் சில இடத்தில் பொத்தென்றும் சத்தம். பொத்தென்று கேட்ட இடமெல்லாம் பூச்சு விட்டுப்போயிருக்கிறது, அதன் மேல் எதைப் பூசினாலும் ஒரு மழைக்கு மேல் தாங்காது என்றார். அப்புறம் உள்ளங்கையால் தேய்த்துக் காட்டினார். கை முழுக்கச் சுண்ணாம்பு. "இது மேல பெயிண்ட் அடிச்சா சுண்ணாம்பு மேலதாம்மா ஒட்டும், சுவர் மேல ஒட்டாது."

ஆகவே சுரண்டல். பட்டி வைக்கிற தகடும் கம்பி பிரஷ்ஷும் வைத்துச் சுரண்டச் சுரண்ட அடுக்கடுக்காக வந்தது. நீலம் போட்ட வெள்ளை, அதற்கடியில் மங்கிய மஞ்சள், அதற்கும் அடியில் ஏதோ ஒரு தேர்தலின் 'வாக்களி' என்ற எழுத்தில் 'வாக்' மட்டும், சிவப்பில், மேலே புள்ளிக்குக்கூட ஒழுங்காக ஷேடு போட்டு. அண்ணன் கொஞ்சம் குனிந்து பார்த்தார். "பிளாட் பிரஷ்ல ஒரே இழுப்பு, நல்ல கை" என்றார். தன்னுடையதா என்று நான் கேட்கவில்லை.

சுரண்டிக் கழுவிக் காய்ந்ததும் வெளிப்புறப் பிரைமர், அப்புறம் வெளிப்புற எமல்ஷன். வெள்ளை எமல்ஷன் பெரிய டப்பாவாக வாங்கி, ஸ்டெய்னர் ஊற்றி நாமே நிறம் கலந்துகொண்டால் காசு மிச்சம். ஒரு லிட்டர் இரண்டு கோட்டுக்கு 50, 60 சதுர அடி வரும், எனவே 200 சதுர அடிக்கு 4 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு நிறத்தைக் கலந்தால் வேலை முடியும்வரை தேவைப்படுவதை ஒரே தடவையில் கலக்க வேண்டும், இரண்டாவது தடவை அதே நிறம் வரவே வராது. மேற்குப் பார்த்த சுவரில் பளீர் சிவப்பும் ரோஸும் சீக்கிரம் வெளுக்கும். ஆக்சைடு வகைக் காவியும் மஞ்சளும் நின்று உழைக்கும். கோயில் மதிலில் காவிப்பட்டையும் சுண்ணாம்புப்பட்டையும் அடித்தவர்களுக்கு இது எப்போதோ தெரியும். புதுச் சிமெண்ட் பூச்சாக இருந்தால் நான்கு வாரமாவது காய விட வேண்டும்.

தரையிலிருந்து ஓரடி, ஒன்றரை அடிக்குப் படம் போடாதீர்கள். ஓதம் ஏறி உப்பு பூக்கும், நாய், வண்டி ஹேண்டில், மழைச்சேறு எல்லாம் அங்கேதான். நான் அதை வெறும் காவிப்பட்டையாக விட்டுவிட்டேன். வருஷத்துக்கு ஒருமுறை அதை மட்டும் புதுசாக்கினால் போதும்.

சின்னப் படத்தைச் சுவருக்குப் பெரிதாக்குவதில் கட்டம் போடுவது பழைய முறை. நீலப்பொடி தடவிய நூலை இருவர் இழுத்துப் பிடித்துச் சுண்டினால் நேர்க்கோடு விழும், அண்ணன் அதில் கெட்டிக்காரர். இன்னொரு முறையும் இருக்கிறது, சுவர் ஓவியர்கள் இப்போது அதிகம் செய்வது அதுதான். சுவர் முழுக்கச் சாக்பீஸில் கண்டபடி கிறுக்குங்கள், எழுத்து, வட்டம், பெருக்கல் குறி, எதுவானாலும். அதை செல்போனில் படம் எடுத்து, அதன் மேல் உங்கள் ஓவியத்தை மங்கலாக ஏற்றிக்கொள்ளுங்கள். இலையின் நுனி 'ழ'வுக்குப் பக்கத்தில் வருகிறது, காம்பு மூன்றாவது வட்டத்தைத் தொடுகிறது என்று பார்த்துப் பார்த்து வரைந்துவிடலாம். நான் கிறுக்கிய அன்று பார்த்துவிட்டுப் போன எதிர் வீட்டுக்காரர், வீட்டுக்காரரிடம் போய் "பைத்தியமா அந்தப் பொண்ணு" என்று விசாரித்திருக்கிறார்.

ஸ்டென்சில், அதாவது வடிவத்தை வெட்டியெடுத்து மேலே வண்ணம் அடிக்கிற அச்சு, வேண்டுமென்றால் ஃப்ளெக்ஸ் கழிவுத் துண்டை வெட்டிப் பாருங்கள். கனமாக இருப்பதால் சுவரோடு படிந்து நிற்கும், கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம். பாரிஸில் 1981-ல் பிளெக் லெ ரா என்ற தெரு ஓவியர் எலிகளை ஸ்டென்சிலில் அடிக்க ஆரம்பித்தார், பின்னால் வந்த இங்கிலாந்துத் தெரு ஓவியர் பேங்க்ஸியும் அதே வழி. அவர்களுக்கு வேகம் தேவைப்பட்டது. அனுமதியோடு வேலை செய்கிற நமக்கு அவசரமில்லை, ஸ்ப்ரே கேனுக்குக் கொட்டிக்கொடுக்கவும் வேண்டாம். ரோலரும் பிரஷ்ஷும் தாராளமாகப் போதும்.

பெண்கள் சுவரில் ஏறுவதாக இருந்தால் இரண்டு சங்கதி. வேலை ஆரம்பிக்கும் முன்பே, சுவர் தருகிற வீட்டில் பாத்ரூம் பயன்படுத்தலாமா என்று வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். சாரத்தில் ஏறும்போது துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிடுங்கள், பார்ப்பவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும், கம்பியில் மாட்டினால் கழுத்துக்கு ஆபத்து. கூட ஓர் ஆள் கட்டாயம் வேண்டும், சாரத்தைப் பிடிக்கவும் பேச வருகிறவர்களுக்குப் பதில் சொல்லவும். பதில் சொல்லும் வேலைதான் அதிகம்.

என்ன வரைவது? சேலத்துச் சுவர்களில் மயில், அருவி, மழைநீர் சேகரிப்பீர், தலைவர்கள் எல்லாம் ஏற்கெனவே இருக்கிறார்கள். எனக்குக் கையில் இருந்தது பலா இலைதான். மஞ்சளிலிருந்து காபிக்கொட்டை நிறம் வரை 20 அடிக்கு ஒரே ஓட்டமாக இலைகளைப் போட்டேன், ஒவ்வொன்றும் ஆள் உயரம். மலையில் நிறம் பிரித்துப் பழகியது இங்கே கை கொடுத்தது, கலக்கும்போது அடுத்த மஞ்சள் எது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. சந்து குறுகல் என்பதால் யாரும் தள்ளி நின்று முழுதாகப் பார்க்க முடியாது, நடந்துகொண்டேதான் பார்ப்பார்கள் என்று கணக்குப் போட்டதும் அந்தப் புல்லில் கற்றதுதான். பக்கத்து வீட்டுப் பாட்டி தினமும் வந்து பார்ப்பார். "இலையெல்லாம் சரி கண்ணு, ஓரத்துல ஒரு மயிலாச்சும் போடக்கூடாதா?" கடைசி வரை கேட்டுக்கொண்டே இருந்தார். போடவில்லை. இப்போதும் பார்த்தால் முறைப்பார்.

பெரிய வேலைகளைப் பார்க்க விரும்புகிறவர்கள் சென்னை கண்ணகி நகருக்குப் போய் வரலாம். 2020 வாக்கில் ஸ்டார்ட் இந்தியா என்ற தெருக்கலை அமைப்பு, மாநகராட்சியோடு சேர்ந்து அங்கே குடியிருப்புச் சுவர்களில் மாடி உயரத்துக்கு வரைய வைத்தது. நகரத்துக்குள்ளிருந்து பெயர்க்கப்பட்ட மக்கள் வாழும் இடம் அது. படங்களை அண்ணாந்து பார்த்துவிட்டு அப்படியே வந்துவிடாமல், டீக்கடையில் உட்கார்ந்து அங்கிருப்பவர்களிடம் பேசிவிட்டு வாருங்கள். யாருடைய சுவர், யாருக்காக வண்ணம் என்ற கேள்வி அங்கே தானாக வரும்.

இப்போது குகைப் பகுதியில் ஒரு மளிகைக்கடைக்காரர் கூப்பிட்டிருக்கிறார். அவர் கடைப் பக்கச் சுவரில் ராத்திரியில் ஆட்கள் ஒதுங்குகிறார்கள், நாற்றம் தாங்கவில்லை, வரிசையாகப் பிள்ளையார், ஏசு, மெக்கா என்று போட்டுக் கொடு என்றார். சாமியைக் காவலுக்கு நிறுத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை என்று சொன்னேன். முதலில் அங்கே ஒரு தெருவிளக்குக்கு மனு கொடுங்கள், வெளிச்சம் இருந்தாலே பாதிப் பேர் ஒதுங்கமாட்டார்கள், அப்புறம் நான் மளிகைச் சாமானையே பெரிதாகப் போட்டுத் தருகிறேன், மல்லி, மிளகு, ஜவ்வரிசி என்று. ஜவ்வரிசி என்றதும் முகம் கொஞ்சம் மலர்ந்தது, சேலத்துக்காரர் அல்லவா. "சரி, பெயிண்ட் காசு யாரு குடுக்கறது?" என்றார். பிரைமர் அவருடையது, கலர் பாதிப்பாதி, சாரத்துக்கு அவர் குடோன் ஏணி என்று பேசி வைத்திருக்கிறோம். சம்மதக் கடிதத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அவர் சம்சாரத்தைக் கேட்க வேண்டுமாம்.